இரண்டாம் முறை அனுப்பிய சீட்டு

எங்கள் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் பேசுபவருக்கு மட்டும், எல்லோரும் பேசி முடித்த பிறகு, நடுவர் விரும்பினால் ஒரே ஒரு முறை மதிப்பெண்ணைத் திருத்தலாம். முதல் பேச்சுக்கு எந்த நடுவரும் கையை இறுக்கித்தான் மதிப்பெண் இடுவார். பின்னால் இதைவிட நல்ல பேச்சு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் அவருக்கு. கடைசிப் பேச்சாளரும் இறங்கிய பிறகே முதல் பேச்சின் உயரம் அவருக்குப் புலப்படும். அந்தத் திருத்தத்தைச் சிவப்பு மையால் எழுத வேண்டும் என்பது விதி. முதலாம் ஆண்டில் குலுக்கலில் முதல் எண் எனக்கு விழுந்தது. சிவப்பு மை எனக்கு ஐந்து மதிப்பெண் சேர்த்துக் கொடுத்தது. ஆகவே அந்த மையின் அருமை எனக்குத் தெரியாது என்று நான் எங்கும் வாதிட முடியாது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ராஜபாளையத்தில் கல்லூரி. தினமும் பேருந்தில் போய்வந்த அந்த அரைமணி நேரத்தில் ஜன்னலோரம் அமர்ந்து மலையைப் பார்த்தபடி மனத்துக்குள் பேசிக்கொண்டே வருவேன். பள்ளி நாள் முதலே ஞாயிற்றுக்கிழமைதோறும் மேடைப் பேச்சுப் பயிற்சிக்குப் போனவன். மூச்சை எங்கே சேமிப்பது, எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்தினால் அவை முன்னால் சாயும், மறுப்பு வரும் முன்பே அதை நாமே எடுத்து உடைப்பது எப்படி, இவையெல்லாம் எனக்குக் கைவந்தவை. கல்லூரியில் சேர்ந்த பின் நான் ஏறிய மேடைகளில் தோற்றவை மிகச் சில. அவற்றையும் நடுவரின் பிழை என்றே கருதிவந்தேன்.

இயந்திரத்தை நேசித்துக் கணிப்பொறி இயல் படித்தவன் அல்லன் நான். அதில் இடம் கிடைப்பது பெருமை என்று அந்த ஆண்டுகளில் எல்லோரும் சொன்னார்கள். பெருமையை நான் விடுவதில்லை. என்னுடன் ப்ராஜெக்ட் செய்த நண்பன்தான் உண்மையில் அதைப் படித்தவன். சோழபுரத்தில் பருத்தியும் சோளமும் போடும் குடும்பம். அண்ணன்மார் இருவரும் ராணுவத்தில். நாள் முழுவதும் கூட இருந்தாலும் அவனிடமிருந்து பத்து வாக்கியம் வருவது அரிது. இருவர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் என்று துறையில் சொன்னபோது, எழுதுவதை அவனும் பேசுவதை நானும் பார்த்துக்கொள்வது என்று ஒப்பந்தமாயிற்று.

என்ன செய்வது என்பதை நான்தான் சொன்னேன். ஆண்டுப் பேச்சுப் போட்டியின் மதிப்பெண்களைக் கணிப்பொறி வழியே அனுப்பித் தொகுப்பது. அதுவரை ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் மூன்று நடுவர்களின் சீட்டுகளையும் ஒருவர் வாங்கிக்கொண்டு அரங்கத்திலிருந்து அலுவலக அறைக்கு நடப்பார். அங்கே ஒரு பேராசிரியர் கூட்டிப் போடுவார். நாங்கள் மேடையோரம் ஒரு கணிப்பொறி, அலுவலகத்தில் ஒரு கணிப்பொறி, நடுவே வேப்பமரத்தின் கிளை வழியாக ஒரு கறுப்புக் கேபிள் என்று திட்டமிட்டோம். மொழி ஜாவா. தொண்ணூறுகளின் அந்தக் கடைசி ஆண்டுகளில் எங்கள் லேபில் அந்தச் சொல்லை உச்சரிப்பதே ஒரு தகுதியாக இருந்தது.

கேபிளில் போக வேண்டியவை மூன்று வகை. பேச்சாளரின் விவரம் ஒன்று. நடுவரின் மதிப்பெண் சீட்டு ஒன்று. நேரம் முடிந்ததை அறிவிக்கும் மணி ஒன்று. ஜாவாவில் இவற்றை ஆப்ஜெக்ட் என்பார்கள். தனக்குரிய விவரங்களைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருள். அதை பைட்டுகளின் நீண்ட வரிசையாகப் பிரித்துக் கம்பிக்குள் அனுப்பி, மறுமுனையில் அதே பொருளாகத் திரும்பக் கட்டி எழுப்பும் வேலைக்கு சீரியலைசேஷன் என்று பெயர். மூன்று வகையும் ஒரே கம்பியில், கலந்து கலந்து போகும். வந்து சேர்ந்த ஒவ்வொன்றிடமும் அலுவலகக் கணிப்பொறி முதலில் வகை கேட்கும்: நீ பேச்சாளரா, சீட்டா, மணியா? பதிலுக்கு ஏற்ப அதை அதனதன் இடத்தில் வைக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருளுக்குள் என்னென்ன விவரம் இருக்கும் என்று சொல்லும் வரைவு இரு கணிப்பொறிகளிலும் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும். ஒருநாள் நண்பன் சீட்டின் வரைவில் ஒரு வரி சேர்த்துவிட்டு, மற்றக் கணிப்பொறியில் பழைய வரைவையே விட்டுவிட்டான். அனுப்பிய முதல் சீட்டிலேயே திரை நிறையப் பிழைச் செய்தி கொட்டியது. புதிய வரைவை பிளாப்பித் தட்டில் எடுத்துக்கொண்டு அவன் ஓடினான்.

"பாத்தியா, எம்புட்டுக் கத்துது," என்றான் திரும்பி வந்து. "இது நல்ல சாதி. தப்புன்னா வாயைத் தெறந்து சொல்லிரும்."

அந்த ஒரு நாளால்தான் நாங்கள் அதை முழுவதும் நம்பினோம். தவறென்றால் கத்தும், கத்தவில்லை என்றால் தவறில்லை.

சிவப்பு மைத் திருத்தத்தை அவன் எழுதிய விதம் எளிமையானது. முதலில் தட்டச்சு செய்த சீட்டு கணிப்பொறியின் நினைவில் இருக்கும். அதில் மதிப்பெண்ணை மட்டும் மாற்றி, அதே சீட்டை அதே இணைப்பில் இன்னொரு முறை அனுப்புவது. அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை மட்டும் என்னிடம் விட்டான். போட்டிக்கு முந்தைய நாள் பிற்பகல் அது. எனக்கு லேபின் பின்பக்கம், கிணற்றடியில், முடிவுரையை ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. அவசரமாக வந்தேன். ஒரு சீட்டை அனுப்பினேன். எண்ணை மாற்றினேன். மீண்டும் அனுப்பினேன். அறையின் மறுகோடியில் இருந்த திரையில் 'சீட்டு வந்தது' என்ற வரி இரண்டாம் முறையும் தோன்றியது. எட்டிப் பார்த்தவன் அந்த வரியைத்தான் பார்த்தேன். அதன் கீழே இருந்த எண்ணைப் படிக்கவில்லை.

"பாத்துட்டியா?" என்றான் நண்பன்.

"வந்துருச்சுலே."

"வந்துருச்சா, சரியா வந்துருச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஆள விடு, எனக்கு நாளைக்கிப் பேச்சு இருக்கு."

மேடையில் கைதட்டல் கேட்டால் போதும், எந்தச் சொல்லுக்கு என்று ஆராய வேண்டியதில்லை என்று பழகியவனின் சோதனை அப்படித்தான் இருந்தது.

போட்டியின் தலைப்பு, உழைப்பவன் கையை இயந்திரம் வலுப்படுத்துகிறதா, வெறுமைப்படுத்துகிறதா என்பது. நான் வலுப்படுத்துகிறது என்ற அணி. குலுக்கலில் முதல் எண் எதிரணியில் இருந்த ஒரு மாணவிக்கு விழுந்தது. வரலாறு மூன்றாம் ஆண்டு, தளவாய்புரம். வீட்டில் நைட்டி தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு முன் இரண்டு போட்டிகளில் அவள் எனக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் நின்றவள். முதலிடம் பெறுபவர் மதுரையில் நடக்கும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குப் போவார். இது எங்கள் எல்லோருக்கும் கடைசி ஆண்டு.

அவள் பேச்சின் நடுவே மில் சங்கு ஊதியது. ராஜபாளையத்தில் மேடையேறுபவர்கள் அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தோம். சங்கு ஊதும் நேரம் பார்த்துக் குரலை உயர்த்தி, அதையும் மீறிப் பேசினால் கைதட்டல் நிச்சயம். அவள் அப்படிச் செய்யவில்லை. பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். சங்கு முழுவதும் ஓயும்வரை, கைகளைக் கட்டிக்கொள்ளாமல், அவையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்கி வாக்கியத்தை முடித்தாள். அரங்கத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. என் முதுகில் மட்டும் ஏதோ ஊர்ந்தது.

நான் ஏழாவதாகப் பேசினேன். நன்றாகவே பேசினேன். கைதட்டல் மூன்று இடங்களில், நான் குறித்து வைத்திருந்த இடங்களிலேயே வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு முதல் நடுவர் சிவப்புப் பேனாவைத் திறப்பதை நானே பார்த்தேன். சீட்டு நண்பனின் கைக்குப் போயிற்று. அவன் தட்டினான், அனுப்பினான். ஜன்னல் வழியே அலுவலகத்திலிருந்த பேராசிரியர், வந்துவிட்டது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கணிப்பொறி அச்சடித்த முடிவு வந்தது: எனக்கு இருநூற்று இருபத்து நான்கு, முதலிடம். அவளுக்கு இருநூற்றுப் பதினெட்டு. சுழற்கேடயத்தில் என் பெயர் பொறித்த பித்தளைத் தகடு திருகப்படும் என்று அறிவித்தார்கள். கையால் எழுதிய சீட்டுகளை உறையிலிட்டுப் பேராசிரியர் பீரோவுக்குள் வைத்துவிட்டார். இயந்திரம் கூட்டியதைத் திரும்பக் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு நாள் கழித்து ப்ராஜெக்ட் அறிக்கை எழுதுவதற்காக நண்பன் இரு கணிப்பொறிகளின் பதிவுகளையும் அச்செடுத்தான். அன்று மாலை பேருந்து நிலையத்துக்கு எதிரேயிருந்த டீக்கடையில் என்னை உட்கார வைத்தான். அவன் கிளாஸில் டீ ஆறி ஆடை படிந்தது.

"மொதல்ல பேசுன பிள்ளைக்கு மொத நடுவர் போட்டது அறுபத்தெட்டு," என்றான். "செவப்பு மையில திருத்துனது எழுபத்தேழு. நான் எழுபத்தேழுன்னுதான் அனுப்புனேன். அங்கிட்டுப் போனது அறுபத்தெட்டுதான்."

"கேபிள் கோளாறா?"

"கேபிள் இல்ல, வரைவும் இல்ல. புத்தகத்துல தேடிப் பாத்தேன். ஒரு தடவை அனுப்புன பொருளை அந்த இணைப்பு ஞாபகம் வச்சிக்கிடும். அதே பொருளைத் திருப்பி அனுப்புனா, உள்ள என்ன மாறியிருக்குன்னு பாக்காது. 'முன்ன அனுப்புனேன்ல, அதுதான் இது'ன்னு ஒரு அடையாளத்த மட்டும் அனுப்பிரும். அந்தப் பக்கம் பழசையே எடுத்து நீட்டும். மறந்துரு, புதுசாப் பாருன்னு நாமதான் சொல்லணும். அதுக்கு ஒத்த வரி இருக்கு. நான் போடல."

"அது கத்தலையேலே."

"கத்தாது. அதுக்கு அது தப்பே இல்ல."

நான் கூட்டிப் பார்த்தேன். எழுபத்தேழு என்றால் அவளுக்கு இருநூற்று இருபத்தேழு. என்னைவிட மூன்று கூடுதல்.

"நாளைக்குக் காலையில சார்கிட்டச் சொல்லிருவோம்," என்றான். "மதுரைக்குப் பேரு அனுப்ப இன்னும் நாள் இருக்கு."

அப்போது நான் பேசினேன். என் வாழ்நாளில் அதைவிடக் கச்சிதமாக நான் பேசியதில்லை. எதிரே ஒரே ஒருவன். நடுவர் இல்லை, மணி இல்லை. வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நம் ப்ராஜெக்ட் தவறான முடிவைத் தந்தது என்று நாமே சொன்னால் உனக்கு முதல் வகுப்பு போகும், எனக்கு அதனால் ஒன்றுமில்லை என்றேன். எம்.சி.ஏ. சேருவதற்கு அவனுக்கு அந்த முதல் வகுப்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்தினேன். கையெழுத்தான முடிவைக் கலைத்தால் நடுவர்களும் பேராசிரியரும் அவமானப்படுவார்கள் என்றேன். அவன் சொல்லக்கூடிய மறுப்பையும் நானே எடுத்தேன்: அந்தப் பெண்ணுக்கு அநீதி என்பாய், ஆனால் அவளே ஒன்றும் கேட்கவில்லையே. திருத்தத்தைச் சோதித்தது யார் என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் எங்கும் இடம்பெறாமல் பார்த்துக்கொண்டேன். அவனும் அதைக் கேட்கவில்லை.

"நீ பேச ஆரம்பிச்சா எனக்குப் பதில் வராதுலே," என்றான் கடைசியில். "பதில் வரலங்கிறதுனால அது சரின்னு ஆயிராது. ஆனா எனக்குப் பதில் வரல."

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன், வாக்கு," என்று டீயைக் குடிக்காமல் எழுந்தான்.

அவளே கேட்கவில்லை என்று நான் சொன்னேன் அல்லவா. மறுநாள் கேட்டாள். நூலக வாசலில் நான் காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது அருகே வந்து, முதலில் வாழ்த்துச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காதீங்க. மொத நடுவர் எனக்குச் செவப்புல எழுதுனதப் பாத்தேன். கூட்டித்தான் போட்டிருப்பாருன்னு நெனைச்சேன். கொறைச்சும் போடுவாங்களா?"

"போடலாம்," என்றேன். விதி அப்படித்தான்; திருத்தம் என்றால் இரு பக்கமும் உண்டு. நான் சொன்னது பொய்யல்ல என்று அப்போது எனக்கே வியப்பாக இருந்தது.

"அப்போ கணிப்பொறியில வந்தது சரிதானா?"

"அதுல தப்பு இருந்தா அதுவே காட்டிக் கொடுத்துரும்."

அவள் தலையசைத்தாள். "அன்னைக்கு நான் நல்லாப் பேசுனேன்னே நெனைச்சிட்டு இருந்தேன். சங்கு ஊதுறப்ப நின்னேன்ல, அது சரியா வந்துச்சுன்னு தோணுச்சு. என் பேச்சு எனக்கே கேக்கத் தெரியல போல." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்புக்கு நானும் சிரித்துவைத்தேன்.

அந்தப் பருவத்தில் இன்னும் இரண்டு போட்டிகள் இருந்தன. இரண்டிலும் அவள் பெயர் கொடுக்கவில்லை. உடல்நலம் சரியில்லை என்று யாரோ சொன்னார்கள். அவளை நூலகத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வைவாவில் எங்கள் செயல்விளக்கம் குறையின்றி நடந்தது. நண்பன் அந்த ஒற்றை வரியைச் சேர்த்திருந்தான்; ஒவ்வொரு சீட்டையும் அனுப்பும் முன் இணைப்பிடம் பழையதை மறக்கச் சொல்லும் வரி. வந்த தேர்வாளர் கூர்மையானவர். அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இது எதுக்கு? இதோட அவசியத்த எப்போ உணர்ந்தீங்க?"

கேள்வி நண்பனைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவன் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்பது எனக்குத் தெரிந்தது. இந்த முறை அவனுக்குப் பதில் வந்திருந்தது. நான் முந்திக்கொண்டேன். நெடுநேரம் திறந்திருக்கும் இணைப்பு அனுப்பியவற்றையெல்லாம் நினைவில் சேர்த்துக்கொண்டே போனால் இடம் நிரம்பிவிடும், அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்றேன். அதுவும் உண்மைதான். அந்த வரிக்கு அப்படியும் ஒரு பயன் உண்டு. தேர்வாளர் மகிழ்ந்தார், வடிவமைக்கும்போதே இப்படி முன்யோசனை வேண்டும் என்று மற்ற மாணவர்களிடம் சொன்னார். நண்பன் திறந்த வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தான்.

இருவருக்கும் முதல் வகுப்பு. கடைசி நாள் அவன் நான்காக மடித்த ஒரு தாளை என் சட்டைப் பையில் செருகினான். மேடையோரக் கணிப்பொறியின் பதிவு. ஒரு வரியில் அறுபத்தெட்டு, கீழே வேறொரு வரியில் எழுபத்தேழு.

"இது ஒங்கிட்ட இருக்கட்டும்," என்றான். "எங்கிட்ட இருந்தா நான் சொல்லிருவேன்."

"சொல்லேன்," என்றேன், எப்படியோ.

"வாக்குக் குடுத்துட்டேன்லா. வாரேன்."

அதன் பிறகு அவன் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

அதற்கு முன்பே மதுரைப் போட்டி நடந்து முடிந்திருந்தது. போனேன், பேசினேன். குறித்து வைத்த இடங்களில் கைதட்டல் வரவில்லை. பரிசுப் பட்டியலில் என் பெயர் இல்லை. நடுவரின் பிழை என்று சொல்லிக்கொள்ள அந்த முறை மனம் வரவில்லை.

ஓராண்டு ஆன பின் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டேன். பிற்பகல் வெயில். கையில் குழந்தைகளின் நோட்டுப் புத்தகக் கட்டு. இங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை என்றாள். எனக்குச் சொல்ல வேண்டிய உரை மனத்தில் ஆயத்தமாக இருந்தது. பல மாதங்களாகக் கட்டி, செதுக்கி, எங்கே நிறுத்துவது என்பது வரை முடிவு செய்த உரை. அதைத் தொடங்குவதற்காக, பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

"ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளத் தயார் பண்ணச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு எனக்குக் கேக்கத் தெரியாதுல்ல. பிள்ளைகளுக்குத் தப்பாச் சொல்லிரக் கூடாது." அதைத் துயரமாகச் சொல்லவில்லை. தனக்குக் கிட்டப்பார்வை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

என் உரையை விட்டுவிட்டேன். ஓராண்டாகப் பையிலேயே சுமந்துவந்த நண்பனின் தாளை எடுத்து நீட்டினேன். இரண்டு வரிகளையும் காட்டி, இணைப்பு பழையதை நினைவில் வைத்துக்கொண்டதை எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். நீங்கள்தான் முதலிடம் என்றேன். அவள் எண்களை நிதானமாகப் பார்த்தாள். விருதுநகர் வண்டியின் பெயரை யாரோ கூவிக்கொண்டிருந்தார்கள்.

"நான் லைப்ரரி வாசல்ல வந்து ஒங்ககிட்டக் கேட்டேன்ல," என்றாள். "அப்போ இது ஒங்களுக்குத் தெரியுமா?"

எந்தக் கேள்விக்கும் இரண்டு பதில் வைத்திருப்பவன் நான். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியும்."

அவள் அந்தத் தாளை முன்பிருந்த மடிப்புகளிலேயே, ஒன்றும் கலையாமல், மடித்து என்னிடம் நீட்டினாள். தளவாய்புரம் வண்டி உள்ளே திரும்பியது. நோட்டுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தவள், ஏறும் முன் ஒருமுறை நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். வசவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள ஆயத்தமாகவே இருந்தேன். அவள் நின்றது இறங்குகிறவர்களுக்கு வழிவிட. அவர்கள் இறங்கி முடித்ததும் ஏறிக்கொண்டாள்.

வண்டி போன பிறகும் அங்கேயே நின்றேன். கட்டி வைத்திருந்த உரை முழுவதும் ஒரு சொல் குறையாமல் நினைவில் இருந்தது. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.